இருபது நிமிடம் கை விழுந்தது. அது மூச்சுக் கோளாறா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பதினொரு வருடமாக சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர், ஆறு வருடத்துக்கு முன்பு விட்டுவிட்டார். சளி முற்றி இரைப்பு தாங்காமல் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோடு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் வலது கை அப்படியே தொங்கிவிட்டது. கண்ணாடி கீழே விழுந்தது. என்னைக் கூப்பிடப் பார்த்தார், வார்த்தை வரவில்லை. விரலில் மாட்டும் மீட்டர் 90 காட்டியது. ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று நினைத்து மெஷினைக் கூட்டி வைத்தோம். இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். மூச்சு நோயாளிகளுக்கு இப்படித் தளர்ச்சி வரும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும் "எனக்கு இருப்பது மூச்சு வியாதி, வேறொன்றும் இல்லை" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நுரையீரல் நோய்க்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உங்கள் மனம் ஒப்பாமல் போனதுதான் சரி. கடிதம் கைக்கு வந்த அன்றே, "இன்றைக்கே மூளை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்" என்று தனியாக எழுதியிருந்தேன். நீங்களும் போய்வந்து, ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை, ஈசிஜி சரியாக இருக்கிறது, ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு மாத்திரையும் கொழுப்புக்கு ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டாவது கடிதம் எழுதிவிட்டீர்கள். அதில் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அப்பா பயந்துபோய் இன்ஹேலரை நிறுத்திவிட்டார், சரியா? மறுபடி இப்படி வந்தால் ஆக்ஸிஜனைக் கூட்டலாமா? இன்னொரு தரம் வருமா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், உங்களைப் போன்ற வீடுகள் நிறைய இருப்பதால்.

முதலில் அந்த இருபது நிமிடம். ஆக்ஸிஜன் குறைந்தால் மூளை முழுவதுக்கும் குறையும். ஆள் தடுமாறுவார், குழம்புவார், தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் மாதிரி இருப்பார். வலது கையை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொங்கவிடுவது ஆக்ஸிஜன் குறைவின் வேலை இல்லை. வலது கையை ஆட்டுவிப்பது மூளையின் இடது பாதி. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அதே பக்கம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் போய், ஒரே நேரத்தில் திரும்பி வந்தால், இடது பக்கத்துக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று வந்து நின்று, பிறகு கரைந்திருக்கிறது என்று பொருள். டிஐஏ என்பார்கள். மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. 'மினி' என்றதும் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

மீட்டரில் 90 காட்டியதுதான் உங்களைத் திசைதிருப்பியது. வழக்கமாகவே 91, 92 காட்டுகிற மனிதருக்கு 90 என்பது ஒரு சேதியே இல்லை. மாடிப்படி ஏறி இறங்கினாலே அவ்வளவு குறையும். அந்த நேரத்தில் விரலைப் பார்த்ததற்குப் பதிலாக முகத்தைப் பார்த்திருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. பதினொரு வருடம் ஒரு வீடு மூச்சைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தால், எது வந்தாலும் அது மூச்சிலிருந்துதான் வந்தது என்று நினைக்கப் பழகிவிடும். மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது இரைப்போடு வந்த ஒரு பெரியவர் இடது காலை இழுத்து நடந்ததை "படுத்தே கிடந்ததால் வந்த பலவீனம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதியவன் நான். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அதைத் திருத்தியவர் என் சீனியர். அந்தப் பெரியவருக்கு அந்த ஒரு இரவு போனது போனதுதான்.

சரி, தொடர்பு உண்டா என்ற கேள்வி. உண்டு. ஆனால் எந்த அளவுக்கு என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

சிகரெட் இரண்டுக்கும் பொதுவான தாய். நுரையீரலின் காற்றுக் குழாய்களைக் கெடுக்கும் அதே புகைதான் கழுத்திலும் மூளையிலும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்பூச்சையும் கெடுக்கிறது. ஆகவே சிஓபிடிக்காரர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வருவதில் பெரும் பங்கு சிகரெட்டின் கணக்கில்தான் போக வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் முடிவு 2016-இல் வந்தது. வயதையும் பாலினத்தையும் கழித்துப் பார்த்தால், சிஓபிடி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம். சிகரெட்டையும் கழித்தால் அந்த வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. இத்தோடு நின்றிருந்தால், "நுரையீரலைப் பற்றிக் கவலை வேண்டாம், சிகரெட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்று நான் எழுதியிருப்பேன்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. சிஓபிடி திடீரென்று முற்றி மோசமாகும் கட்டம் இருக்கிறதே, நாங்கள் எக்ஸாசர்பேஷன் என்போம், நீங்கள் "சளி முற்றி இரைப்பு தாங்காமல்" என்று எழுதினீர்களே, அதுதான். அப்படிக் கடுமையாக ஒரு தரம் வந்தவர்களுக்கு, அதையடுத்த வாரங்களில் பக்கவாத ஆபத்து ஆறு மடங்குக்கு மேல் போயிருந்தது. பக்கவாதம் வந்தவர்களின் எண்ணிக்கை சின்னது என்பதால், அந்த ஆறு என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். 2010-இல் பிரிட்டனிலிருந்து வந்த வேறொரு ஆய்வில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்த கட்டங்களைப் பார்த்தார்கள். லேசானவையும் அதில் அடங்கும். அங்கே உயர்வு கால் பங்குதான், ஆனால் அது ஏழு வாரம் வரை நீடித்தது. எண்கள் வேறுவேறு. இரண்டும் கை காட்டுவது ஒரே பக்கம்: நோய் அமைதியாக இருக்கும் காலத்தைவிட, முற்றிப் போய் ஆள் வீட்டுக்கு வந்த பிறகான ஒன்றரை மாதம்தான் கவனிக்க வேண்டிய காலம். உங்கள் அப்பாவுக்கு வந்தது மூன்றாவது வாரத்தில்.

ஏன் அப்படி? நுரையீரலில் கிருமி புகுந்து சண்டை நடக்கும்போது அந்தச் சண்டை நுரையீரலோடு நிற்பதில்லை. கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் குணத்துக்கு வந்துவிடுகின்றன. குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு இந்தக் கொதிப்பில் வெடிப்பு விடலாம். வெடித்த இடத்தில் ரத்தம் உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போனால் மூளை. இது ஒரு பக்கம். ரொம்ப நாளாக ஆக்ஸிஜன் குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு, ஈடுகட்டச் சிவப்பணுக்களை அதிகம் தயாரிக்கும். ரத்தம் கெட்டிப்படும். ஹீமோகுளோபின் 17, 18 என்று வந்தால் சிலர் "நல்ல ரத்தம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். சிஓபிடிக்காரருக்கு அது சந்தோஷச் செய்தி அல்ல. காய்ச்சலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் கிடந்தால் இன்னும் கெட்டி. வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். அதற்காக அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் ஐந்து நாள் கொடுத்து நிறுத்துகிறோம். அந்த நாட்களில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

படுத்தே இருந்தால் காலில் கட்டி உண்டாகி அது மூளைக்குப் போய்விடுமா என்று சிலர் கேட்பார்கள். காலில் உண்டாகும் கட்டி இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலில் சிக்கும். அதுவே ஆபத்துதான், ஆனால் அது வேறு நோய். மூளைக்குப் போக அதற்கு ஒரு குறுக்கு வழி வேண்டும். நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, பிறந்தபின் முழுதாக மூடாமல் விட்ட ஒரு சின்னக் கதவு இருக்கிறது. நுரையீரல் நோயால் வலப்பக்கத்தில் அழுத்தம் ஏறினால் அந்தக் கதவு தள்ளித் திறக்க இடமுண்டு. 68 வயதில் நான் முதலில் தேடுவது இதை அல்ல.

நான் தேடுவது இதயத் துடிப்பின் தாளத்தை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒன்று. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் தேங்கும், தேங்கியது உறையும், உறைந்தது ஒரு நாள் கிளம்பும். இது உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. சிஓபிடி உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, இரைப்பு முற்றும் நாட்களில் இன்னும் அதிகம். வம்பு என்னவென்றால், இது வந்து வந்து போகும். "ஈசிஜி சரியாக இருக்கிறது" என்று எழுதினீர்கள். சாதாரண ஈசிஜி பதிவு செய்வது பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி தாளம் சரி என்பதைத்தான் அது சொல்கிறது, மீதி நாள் முழுவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஹோல்டர் என்ற, துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் ஆரம்பம்தான், முடிந்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பதிவு செய்வது நல்லது. இதைக் கேட்டு வாங்குங்கள். காரணம் இருக்கிறது. ஃபிப்ரிலேஷன் அகப்பட்டுவிட்டால் மருந்தே மாறிப்போகும். அப்போது ஆஸ்பிரின் போதாது, ஆன்டிகோயாகுலன்ட் என்ற வேறு வகை உறைவெதிர்ப்பு மாத்திரை வேண்டும். கழுத்து ரத்தக் குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே அடைப்பு அதிகமிருந்து அதைச் சரிசெய்வதானால், சீக்கிரம் செய்வதில்தான் பலன்.

இப்போது கொடுத்திருக்கும் இரண்டு மாத்திரைகள், தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலுமாக இருக்க வேண்டும். டிஐஏவுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து வழக்கமாக மூன்று வாரம்தான் கொடுப்போம். அப்புறம் ஒன்று மட்டும் தொடரும். எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றில் ரத்தக் கசிவோடு வருகிறவர்களையும், மூன்று வாரம் முடிந்ததும் இரண்டையும் நிறுத்திவிட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்பு எப்போதாவது ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ போட்டு இரைப்பு வந்ததுண்டா என்று அப்பாவிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததில்லை என்றால் பயம் வேண்டாம்.

இப்போது இன்ஹேலர். அப்பா அதை நிறுத்தியது தவறு, இன்றைக்கே மறுபடி தொடங்கட்டும். நீல நிறக் குழாயை இழுத்ததும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ஆகவே அதுதான் மூளையைத் தாக்கியது என்று அவர் முடிச்சுப் போடுகிறார். அந்தப் படபடப்பு உண்மை. சால்பியூட்டமால் அப்படித்தான் செய்யும், சில நிமிடங்களில் அடங்கும். ஆனால் தினமும் காலையும் மாலையும் இழுக்க வேண்டிய மற்ற இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்திவிட்டால், அடுத்த எக்ஸாசர்பேஷனுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. மேலே சொன்ன ஆறு ஏழு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீலக் குழாயை ஒரு நாளில் எட்டு பத்து தரம் இழுக்க வேண்டியிருக்கிறது என்றால், பிரச்சினை குழாயில் இல்லை, நோய் கட்டுப்பாட்டில் இல்லை. என்னையோ வேறு நுரையீரல் மருத்துவரையோ பார்க்க வேண்டிய நேரம் அது. மூச்சுக் குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அது தாளத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. சில ஆன்டிபயாடிக்குகளோடு, உதாரணமாக சிப்ரோஃப்ளாக்ஸசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அழுத்தத்துக்கோ துடிப்புக்கோ பீட்டா பிளாக்கர் எழுதிக் கொடுத்தால், "நுரையீரல்காரருக்கு ஆகாது" என்று யாராவது பயமுறுத்துவார்கள். பழைய புரோப்ரனலால் ஆகாது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் மெட்டோபுரோலால், பிசோபுரோலால் வகை, இதயத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது சிஓபிடிக்காரர்கள் பெரும்பாலும் தாங்குவார்கள்.

ஆக்ஸிஜன் மெஷினைக் கூட்டியதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அன்றைக்கு அது அவரைக் காப்பாற்றவில்லை, கட்டி தானாகக் கரைந்தது. உங்கள் அப்பா மாதிரி நோயாளிக்கு நாங்கள் வைக்கும் இலக்கு 88-லிருந்து 92 வரைதான். 98, 99 காட்டட்டும் என்று கூட்டினால், இவர்களில் சிலருக்கு உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே சேரும். தலை வலிக்கும், தூக்கம் சொக்கும், பேச்சு மந்தமாகும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி படபடக்கும். அந்த நேரத்திலும் விரல் மீட்டர் அழகாக 97 காட்டிக்கொண்டிருக்கும். அது கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இதுவும் பக்கவாதம் போலத் தோன்றலாம். வித்தியாசம் இதுதான்: கார்பன் டை ஆக்சைடு மயக்கம் மணிக்கணக்கில் மெல்ல வரும், உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பக்கவாதம் கண்ணாடி கையிலிருந்து விழுகிற மாதிரி சட்டென்று வரும், பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். இரண்டுக்குமே போக வேண்டிய இடம் அவசரப் பிரிவு. எது என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மெஷினின் குமிழை எழுதிக்கொடுத்த அளவிலேயே விட்டுவிடுங்கள்.

பக்கவாதம் வந்து முகமும் கையும் முழுதாகத் திரும்பாத சிஓபிடிக்காரர்களைக் கவனிக்கும் வீடுகளுக்கு ஒன்று. பெரும்பாலும் யாரும் சொல்லாதது. ஒரு நோயாளி, பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்தில் மூன்று தரம் இரைப்போடு அட்மிட் ஆனார். மருந்தைக் கூட்டிக்கொண்டே போனோம். நாலாம் தரம், "என் முன்னால் ஒரு முறை இழுங்கள்" என்றேன். பவுடர் இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தார். உதட்டின் இடது ஓரம் மூடவே இல்லை, காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. முடித்ததும் அந்த ஓரத்திலும் மோவாயிலும் வெள்ளையாகக் கொஞ்சம் மருந்து. மூன்று மாதமாக அவர் நுரையீரலுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேரவே இல்லை. அமுக்கும் வகை இன்ஹேலருக்கும், அதோடு சேர்க்கும் மாஸ்க் வைத்த ஸ்பேசர் குழாய்க்கும் மாற்றினோம், அமுக்குவது மனைவியின் வேலையானது. அதே மாதிரி விழுங்குவதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் குடித்ததும் இருமல், குரல் ஈரமாகக் கரகரப்பது, இவை இருந்தால் சாப்பிட்டது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. நல்ல நுரையீரலுக்கே அது நிமோனியா. உங்கள் அப்பாவுக்கு எல்லாம் திரும்பிவிட்டது என்பதால் இந்தக் கவலை இப்போது இல்லை.

கடைசியாக, மறுபடி வருமா? டிஐஏவுக்குப் பிறகு ஆபத்து அதிகமான நாட்கள் முதல் இரண்டு மூன்று நாட்கள், அப்புறம் முதல் வாரம். அதைத் தாண்டிவிட்டார், மருந்தும் தொடங்கிவிட்டார். ஆக்ஸ்ஃபர்டில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், டிஐஏவோ லேசான பக்கவாதமோ வந்தவர்களை உடனுக்குடன் பார்த்து அன்றே சிகிச்சை தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வருவது பத்துச் சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதமாக இறங்கியது. இனி அப்பாவின் கையில் இருப்பது ரத்த அழுத்தம், அந்த மாத்திரைகள், சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருப்பது. ஆறு வருடத்துக்கு முன்பு விட்டதன் பலன் ரத்தக் குழாய்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. சிகரெட்டை விட்டாலும் சிதைந்த நுரையீரல் பழையபடி ஆகாது. பக்கவாத ஆபத்தோ சில வருடங்களிலேயே நன்றாக இறங்கிவிடுகிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், "இவ்வளவு கஷ்டப்பட்டு விட்டும் என்ன புண்ணியம்" என்று கேட்கிறவர்தான் அவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போடாமல் இருந்தால் போடுங்கள், எக்ஸாசர்பேஷனைத் தடுப்பதுதான் இங்கே இரண்டு வேலையையும் பார்க்கிறது. சளி நிறம் மாறி அளவு கூடினாலோ, இரைப்பு ஒரே நாளில் ஏறினாலோ, ஒரு வாரம் பார்ப்போம் என்று இராமல் அன்றே காட்டுங்கள்.

மறுபடியும் கையோ வாயோ இழுத்தால், இருபது நிமிடத்தில் சரியாகிறதா என்று காத்திருக்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கணக்கு, நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போதும் அவசரப் பிரிவில் சொல்லும்போதும் முதல் வாக்கியம் "வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று இருக்கட்டும். "என் அப்பா சிஓபிடி பேஷண்ட்" என்பதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். முதலில் அதைச் சொன்னால், எதிரில் இருப்பவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தேடிப் போய்விடுவார்.